சிவப்புக் கிளித் தொட்டில்

தொட்டிலில் சிவப்புக் கிளி இருந்தது. ராசம்மா அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. கூடையை வாசலில் போட்டாள், நனைந்த கம்பளியை உதறினாள், துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள்.

மேல்மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர்கள் பாடு அப்படி. கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வருவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். திரும்பி ஏறத் தாமதமானால் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். அங்கேயோ அடுப்புப் புகையும் பனியும் சேர்ந்து பகலிலேயே இருட்டு. குளிரில் மரத்துப்போன கைக்கு எடுத்த பிள்ளையின் கனம்கூடத் தெரியவில்லை.

"என்னாடா, இன்னைக்கு எங்க ராசாவுக்கு இவ்வளவு பசி?" என்று கொஞ்சினாள்.

மற்ற நாட்களில் அவள் மகன் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். "தாய் கஷ்டம் தெரிஞ்ச புள்ள. நான் வர்ற வரைக்கும் அழவே மாட்டான்" என்று தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தாள். இன்றைக்கோ விடாமல் மடக் மடக்கென்று குடித்தான்.

அப்போது பக்கத்துத் தொட்டிலிலிருந்து கீச்சென்று ஒரு சிரிப்புக் கேட்டது. ராசம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் மகனின் சிரிப்பு.

துணியை விலக்கிப் பார்த்தாள். மடியில் கிடந்தது மீனம்மாவின் மகள்.

மீனம்மா லயத்தில் ஒட்டின வீடான அடுத்த காம்பராக்காரி. இருவருக்கும் பேச்சு அறுந்து இரண்டு மாதமாகிறது. எல்லாம் இந்தக் கிளியால் வந்த வினை. பிள்ளைக்காம்பராவில் தொங்கும் தொட்டில்கள் எல்லாமே மாவுப்பையைப் பிரித்துத் தைத்தவை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அதனால் அடையாளத்துக்கு அவரவர் ஒரு ஒட்டுத் தைத்துக்கொள்வார்கள். சுதந்திரக் கொண்டாட்டத்துக்குத் தோட்டத்தில் கட்டிய தோரணத்தில் மிஞ்சிய சிவப்புத் துணியை வெட்டி ராசம்மா கிளி தைத்தாள். அடுத்த வாரமே மீனம்மாவும் அதே துணியில் அதே கிளியைத் தைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அழகா இருந்துச்சுக்கா, அதான்" என்றாள்.

ராசம்மா விடுவாளா? தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து அந்தக் கிளியைப் பிரிக்கச் சொன்னாள். மீனம்மா நூலை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். அப்போதும் ராசம்மாவின் ஆத்திரம் அடங்கவில்லை. "இனிமே எங்க வீட்டுல இருந்து ஒனக்கு ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. ஒங்க வீட்டுத் தண்ணியும் எங்களுக்கு வேணாம். மாரியாத்தா மேல சத்தியம்!" என்று கத்திவிட்டுத்தான் குடத்தைத் தூக்கினாள்.

இப்போது அந்தச் சத்தியம் அவள் மடியிலேயே கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையை வெடுக்கென்று எடுக்கப் போனாள். அது அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. குச்சிக் குச்சியாய்க் கை. நோஞ்சான் பிள்ளை. 'பெத்தவளுக்கு வளக்கத் தெரியல' என்று ராசம்மாவே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பிடுங்கக் கை வரவில்லை. குடித்து முடிக்கும்வரை திருடியைப் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லயத்தில் தெரிந்தால் என்ன ஆகும்? பீலியடியில் சத்தியம் பண்ணியவள் பிள்ளைக்காம்பராவில் பால் கொடுத்தாள் என்று காறித் துப்பமாட்டார்களா? நினைக்க நினைக்க வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

மெல்ல எழுந்து பிள்ளைகளை மாற்றினாள். மீனம்மாவின் தொட்டிலில் கிளி இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் கிளி மாதிரியே வரிசையாகத் தெரிந்தன. அதைப் பார்க்காதது போல அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்தாள். தன் மகனை எடுத்து மடியில் போட்டால், அவன் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

மூலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ஆயா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆயா, ஒங்களக் கும்புடுறேன். யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

"இங்க நடக்குறத நான் என்னைக்குத் தாயி வெளிய சொல்லியிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு ஆயா கஞ்சியையே கிண்டினாள்.

மகனைக் கிளித் தொட்டிலில் போட்டுவிட்டு ராசம்மா கம்பளியை எடுத்தாள். வாசலில் யாரோ மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம். மீனம்மா! கீழ்மலையில் கொழுந்தெடுக்கிறவள் அவள். முதலிலேயே வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறவள், எதற்கு இப்போது திரும்பி வந்தாள்? அவள் கண் நேராக இரண்டு தொட்டில்களுக்கும் போனது.

பிடிபட்டுவிட்டோம் என்று ராசம்மாவுக்கு உடம்பு கூசியது. கூச்சம் கோபமாக வாயில் வந்தது.

"என்னாடி பாக்குற? ஆமா, ஒம்மகளுக்கு நாந்தான் பால் குடுத்தேன். தெரியாமக் குடுத்துட்டேன். போ, போயி லயம் பூரா சொல்லிச் சிரி!"

மீனம்மா சிரிக்கவில்லை. தப்புச் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏசாதீங்கக்கா... எப்பயும் போல ரெண்டு பேருக்கும்தான் குடுத்தேன், இன்னைக்கு அவசரத்துல தொட்டில் மாறிப்போச்சு."