கழுத்துப் பட்டன்

“இந்த ஒரு பட்டன் போதும் அண்ணாச்சி. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன், போட்டிருங்க!”

கும்பிட வடிவுக்கு இடக்கை மட்டும்தான் எழும். வலக்கை சின்ன வயதிலேயே போலியோவில் முருங்கைக்காயாகச் சூம்பிவிட்டது. அந்தக் கையோடு, முடங்கியவர்களுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி படித்து, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தவளை, வெள்ளைக் கோட்டைப் பார்த்த பிறகும் நோயாளிகள் வரிசைக்குத் துரத்தாத வாட்ச்மேன் இல்லை.

கட்டிலில் செபாஸ்டின். சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் வலப்பக்கம் வாதத்தில் விழுந்துபோனவர். வழக்கம்போல் அன்று காலையும் கழுத்துவரை பட்டன் போட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தவரின் சட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் வடிவு பயிற்சியை ஆரம்பித்திருந்தாள்.

மிச்சமிருந்த இடக்கையைப் பட்டன் பக்கம் கொண்டுபோனார். அது செத்த நண்டு மாதிரி மடியில் விழுந்தது.

“வரல பிள்ள.”

“நேத்தும் இதயேதான சொன்னீங்க!”

“நாளைக்கும் இதயேதான் சொல்லுவேன்.”

தன் கோட்டுக்குத் தினமும் ஒற்றைக் கையால் பட்டன் போடுகிறவள் அவள். அவள் சொல்லிக்கொடுக்கப் பட்ட பாட்டுக்குத் துறைமுகத்துக் கிரேன்கூட இந்நேரம் சட்டை மாட்டியிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் இரண்டு கைக்கும் மாவுக்கட்டோடு கிடந்த இசக்கியப்பன் இளித்தான். “ஏளா, ஒன் கையே ஒழுங்கா இல்ல. அவரு கைய நீ நிமுத்தப் போறியோ?”

வார்டே கூரை பெயரச் சிரித்தது. தங்களைத் தொடவிடாமல் அவளை விரட்டிய வாய்கள் அத்தனையும். செபாஸ்டின் ஒருவர்தான் அவளை நம்பிக் கையை நீட்டியவர்.

அவளுக்குப் பொறுப்பான மதுசூதனன் சார் நேற்றே வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டார்: “நாளைக்கு அவர் தானா பட்டன் போடணும். இல்லேன்னா உன் படிப்பு அவ்வளவுதான். இத அவர்கிட்டச் சொல்லி இரக்கம் தேடப்படாது.”

படிப்பு போனால், அவளுடைய ஆற்றங்கரை ஊரில் இந்தக் கைக்குக் களை பறிக்கக்கூட எவரும் கூப்பிட மாட்டார்கள். மூலைதான் கதி.

“அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒருக்கா...”

“போதும்மா.” பின்னால் மதுசூதனன். “கோட்டக் கழட்டிக் குடுத்துட்டு ஊருக்குக் கிளம்பு.”

வடிவின் கண்ணீர் வார்டையே முக்கிவிடும் போலிருந்தது. இடக்கையால் கோட்டுப் பட்டனை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

செபாஸ்டின் பதறி நிமிர்ந்தார். “ஊருக்கா? இந்தப் பிள்ளய எதுக்கு சார் அனுப்புதீய?”

“உமக்குப் பட்டன் போட வரலையே. கத்துக்குடுக்கத் தெரியாதவளுக்கு இங்க என்ன வேலை?”

“அட மாதாவே!”

செபாஸ்டினின் இடக்கை பாய்ந்தது. மீன்கொத்தி தோற்கும் வேகத்தில், கீழிருந்து கழுத்துவரை அத்தனை பட்டனும் ஏறிவிட்டது. மதுசூதனன் வாயைப் பிளந்த பிளப்பில் ஒரு உப்பு லாரி நுழைந்து திரும்பலாம். இசக்கியப்பன் மாவுக்கட்டை மறந்து கைதட்டப் போய், “யம்மா!” என்று அலறினான்.

வடிவு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எப்பவோ வந்துட்டுல்லா? பெறகு ஏன் அண்ணாச்சி என்னய இந்தப் பாடு படுத்துனீங்க?”

செபாஸ்டின் வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் தேறி வீட்டுக்குப் போயிட்டா, ஒங்கிட்டக் கையக் குடுக்க இங்கன வேற எவன் இருக்கான் பிள்ள?”