துணை மாணவி

வேப்பமரத்தடி பெஞ்சில் ஏஞ்சல் இன்றைக்கும் அந்த நாலு பி.காம். பெண்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகச் சந்தியாவுக்கு எடுத்து வைக்கும் மீன் வறுவலை அவர்களுக்குப் பிய்த்துக் கொடுப்பதைப் பார்த்ததும் சந்தியாவுக்கு வயிறு எரிந்தது.

நேராக லில்லி மிஸ்ஸிடம் போனாள். மனவளர்ச்சி குறைந்தவர்களும் எல்லோரோடும் சேர்ந்து படிக்கலாம் என்று கல்லூரியில் ஆரம்பித்த புது வகுப்பில் ஏஞ்சல் சேர்ந்தபோது, அவளுக்குத் துணை மாணவியாகச் சந்தியாவைப் போட்டவர் அவர்தான்.

"காலையில வீட்ல தறிக்கு நூல் தார் சுத்துற வேலையை விட்டுட்டு பிள்ளையார்பாளையத்துலருந்து அவளைக் கூட்டிக்கினு வரேன் மிஸ். பஸ் நம்பர் படிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான். இப்ப ஒரு வாரமா அவங்களோட சிரிச்சிக்கினு இருக்குறா."

"நல்லதுதானே?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மிஸ். ஏமாத்திடுவாங்க."

மிஸ் சிரித்தார். "அவளையே கேட்டுடேன்."

சந்தியா ஏஞ்சலைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தாள். "என்னை விட அவங்க உசத்தியாப்பா உனக்கு?"

ஏஞ்சல் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "மூணு பேர் சரின்னுட்டாங்க. ஒருத்திதான் யோசிக்கிறா."

"எதுக்குச் சரின்னாங்க?"

"உன்கூட உக்காந்து சாப்பிட. சந்தியா யார்கிட்டயும் பேச மாட்டா, தனியாவே சாப்பிடுவா, நீதான் அவளுக்குத் துணைன்னு மிஸ் மொத நாளே என்கிட்ட சொன்னாங்க."

சந்தியா லில்லி மிஸ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஏஞ்சல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."