கூரையில் கிடந்த கதவு

கதவை இறக்கச் சொன்னார் அதிகாரி.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில், மூன்றாம் வீட்டுக் காம்பராவுக்கு மேலே அது கிடந்தது. துருவேறிய தகரங்களுக்கு நடுவே வெள்ளையாக, கண்ணாடியோடு. விழுந்த ஹெலிகொப்டரின் வலப்பக்கக் கதவு.

மூன்று வாரமாக விசாரணைக்காரர்கள் தேடிக்கொண்டிருந்த துண்டு அதுதான்.

ஏணியில் ஏறிய பொலிஸ்காரர், கதவின் மேல் பாரமாக வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். ஒன்று அந்தக் காம்பராக்காரி சந்திரகாந்தாவின் காலடியில் வந்து விழுந்தது. அவள் நகரவில்லை.

அதிகாரி சிங்களத்தில் பேச, நிமலன் தமிழில் சொன்னான். தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை. அதே லயத்தில் பிறந்தவன். விபத்து நடந்த இடத்திலிருந்து பொருளைத் தூக்கியது குற்றமாம். திருட்டு கேஸ் போடலாமாம். ஏன் எடுத்தாய் என்று ஐயா கேட்கிறாராம்.

"ஒழுகுற கூரைக்கு எட்டு வருஷமா தோட்டத்துத் தொரைகிட்ட தகரம் கேட்டோம், தம்பி. தகரம் வரல. கதவுதான் வந்து விழுந்துச்சு."

நிமலன் தொரையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னான். அவளுக்கு அது புரிந்தது. கொழும்பில் நாலு வருஷம் வீட்டு வேலை பார்த்தவளுக்குச் சிங்களமா தெரியாது?

கதவைப் புல்லில் கிடத்தினார்கள். அதிகாரி குந்தி உட்கார்ந்து பிய்ந்துபோன கீலைத் தடவிப் பார்த்தார். படம் எடுத்தார். முகம் தெளிந்தது.

பைலட் சொன்னது சரிதான் என்றார். பறக்கும்போதே கதவு பிய்த்துக்கொண்டு போய் வாலில் அடித்திருக்கிறது. ஹெலிகொப்டர் சுழன்று விழுந்திருக்கிறது. கதவு இல்லாததால் பைலட் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்திருக்கிறார். தேயிலைக்குள் தனியாகக் கிடந்த கதவைக் கண்டெடுத்ததாக இவள் கையெழுத்து வைத்தால் போதும், திருட்டுப் பேச்சை விட்டுவிடலாம்.

இதை மட்டும் நிமலன் ஒரு சொல் விடாமல் சொன்னான். பேனாவையும் நீட்டினான். பெரிய இடத்து விஷயம், நமக்கு எதுக்குக்கா வம்பு, போட்டுடுங்க என்று குரலைத் தாழ்த்தினான்.

தூக்கி எறியப்பட்டாராம்.

நீட்டிய பேனாவைச் சந்திரகாந்தா வாங்கவில்லை.

ஹோட்டலில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் அந்தப் பைலட், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டால் தலைக்கு மேல் வரை இறங்குவான். கொழுந்து பறக்கும், முக்காடு பறக்கும். உள்ளே இருந்து சிரிப்பான். கங்காணியிடம் சொன்னார்கள். ஆபீஸிலும் சொன்னார்கள். இந்த நிமலன்தான் எழுதி வைத்துக்கொண்டான். விழுந்த அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினான். வால் சவுக்கு மரத்தில் பட்டது. நாற்பது பேர் பார்த்தார்கள்.

அவள் நிமலன் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம் நேராகச் சிங்களத்தில் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கதவு ஆகாயத்தில் பிய்யவில்லை. கீழே விழுந்து புகை வரும்போதும் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. இரும்பு அலவாங்கு போட்டு நெம்பிக் கீழ்ச் சரிவுத் தேயிலைக்குள் வீசிய கதவு இது.

நிமலன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

அதிகாரி மறுபடி குனிந்தார். கீலுக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு நசுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. அதை இப்போதுதான் பார்த்தார்.

யார் நெம்பியது என்றார்.

தன் வீட்டுக்காரர் என்றாள்.

அப்படியென்றால் ஆள் எங்கே? இவ்வளவு நேரம் பெண்ணைப் பேசவிட்டு உள்ளே ஒளிந்திருக்கிறானா? வெளியே வந்து சொல்லட்டும், கையெழுத்துப் போடட்டும் என்றார்.

தூறத் தொடங்கியிருந்தது.

சந்திரகாந்தா காம்பராவைத் திறந்துவிட்டாள்.

இராமசாமி கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கைகளும் முழங்கை தாண்டிக் கட்டுப் போட்டு நெஞ்சின் மேல் இருந்தன. விரல்கள் தெரியவில்லை. நெருப்புப் பிடித்த பிறகும் பைலட்டின் பெல்ட்டை விடாமல் இழுத்த கைகள். முந்தாநாள்தான் மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து த்ரீவீலில் கொண்டு வந்தார்கள். புண்ணில் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்த அன்று மாலையே அவள் தேயிலைக்குள் இறங்கிக் கதவைத் தூக்கி வந்தாள்.

கட்டிலுக்கு நேர் மேலே இப்போது வானம் தெரிந்தது; தூறல் உள்ளே விழுந்தது.

அதிகாரி வாசலிலேயே நின்றார். பிறகு, கதவை இன்றைக்கு மட்டும் திரும்ப மேலே வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேணாம். எடுத்துட்டுப் போங்க. அவரு சொல்றத எழுதிட்டு எடுத்துட்டுப் போங்க."

அதை அவள் தமிழிலேயே சொன்னாள். நிமலன் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னான்.

அவள் கட்டிலைப் புருஷனோடு சேர்த்து இழுத்து, தூறல் எட்டாத அடுப்படி வாசலை மறித்துப் போட்டாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கி வந்து, கட்டில் இருந்த இடத்தில் வைத்தாள்.

அதிகாரியை அதில் உட்காரச் சொன்னாள்.