பின்சீட் பரிசோதனை

இதுவரை பார்த்த எல்லா கார் ஷோரூமிலும் மனைவி உதட்டைப் பிதுக்கிவிட்டாள். இங்கேயாவது தலையாட்டிவிட வேண்டுமே என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. அவள் சம்மதம் இல்லாமல் அவர்கள் வீட்டுக்குள் ஒரு ஸ்டூல்கூட வராது.

"நல்ல மைலேஜ் தரும், மேடம்," என்றார் விற்பனையாளர்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"இந்த சீட் எவ்வளவு தூரம் சாயும்? பின்னாடி தனி லைட் இருக்கா? கண்ணாடிக்குத் திரை போடலாமா?"

"இன்ஜினைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறியே," என்றான் அவன்.

"அதத்தான் நீங்க கேக்குறீங்களே. கொஞ்சம் வெளியே நின்னு என்னைக் கூப்பிடுங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கூப்பிட்டான். உரக்கக் கூப்பிட்டான். ஷோரூமே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் கதவைத் திறந்தாள்.

"இதையே வாங்கிடலாங்க."

"ஓட்டிப் பாக்க வேணாமா?"

"எனக்கு இது நிக்கிறப்போதாங்க வேணும். உங்க அப்பா, அம்மா, தங்கச்சி, நம்ம பசங்கன்னு எல்லாரும் இருக்கிற வீட்டுல, தினம் அரை மணி நேரம் யாரும் கூப்பிடாம உக்கார எனக்கு வேற இடம் ஏது?"

விற்பனையாளர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. உள்ளே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். வெளியே இருந்த சத்தம் அப்படியே நின்றுபோனது.

"ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்னு முறை வெச்சுக்கலாமா?" என்றான் மெதுவாக.