பெட்டியில் பத்திரம்

வீட்டுப் படங்களையும் பதிவுகளையும் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி மேசையில் இருக்கிறது; அதில் நான்கு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. தூசி தட்டுகிறேன் என்று காலையில் நான்கு டிஸ்க்கையும் ஒன்றாக உருவிய கணவன், எது எந்தத் தட்டில் இருந்தது என்று தெரியாமல் மாற்றி மாற்றிச் செருகுகிறான். ஒவ்வொரு முறையும் கணினித் திரையில் அதே வரி: ‘டிஸ்க் எதுவும் இல்லை.’ மனைவி ஜன்னலோரம் நிற்கிறாள். “எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி எனக்குப் பேசி அனுப்பினதெல்லாம் அதுலதானே இருக்கு?” “ம்.” “பெட்டியில கல்லு மாதிரி இருக்கும்னு வாய் கிழியப் பேசித்தானே என் ஃபோன்ல இருந்ததை அழிக்க வெச்சீங்க?” “கொஞ்சம் பொறு, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.” ஜன்னல் திட்டில் அவனுடைய ஃபோன் அதிர்கிறது. அவள் எடுத்துப் பார்க்கிறாள்: ‘இடம் நிரம்பிவிட்டது.’ கீழே, போன வருடம் இறந்த அவன் அம்மாவின் குரல்பதிவுகள், ஒன்றுகூட அழிக்காமல். அவள் ஒன்றை அழுத்துகிறாள். “சாப்பிட்டியாப்பா?” என்று அறை முழுக்கக் கேட்கிறது.