முறத்தில் கிடந்தவன்

"பிச்சைன்னு வைப்போம்."

தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவன் சொன்னான். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்.

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

மாமியார்தான் முதலில் பாய்ந்தாள். "தலைச்சன் பிள்ளைக்கு எவன்டா பிச்சைன்னு பேரு வைப்பான்? முன்னாடி பறிகொடுத்த வீட்லல்ல வைப்பாக?"

அதை அவளும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பழைய சேர்க்கைப் பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றியவள். ஒரு காலத்தில் பக்கத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். பிச்சை, பிச்சைமணி, பிச்சைக்கனி. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை முறத்தில் போட்டு அண்டை வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். பிறகு அவளிடமே பிச்சையாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அடுத்தவள் பிள்ளை என்று எமன் ஏமாந்து போவானாம். பிள்ளைகள் சாவது குறையக் குறையப் பதிவேட்டில் பிச்சைகளும் குறைந்தார்கள். கடைசிப் பத்து வருடத்தில் ஒருவன்கூட இல்லை.

இந்தப் பிள்ளைக்கு மட்டும் இப்போது எதற்கு அந்தப் பெயர்?

இதற்கு முன்னாடி அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தான். கல்யாணத்துக்கு நான்கு வருடம் முன்பு, கோயம்புத்தூரில். கைவிட்டுப் போனவனின் பிள்ளை. மூன்று நாள் இருந்தான். அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்தப் பிரசவத்துக்குச் சேர்ந்தபோது, முன்னாடி பிள்ளை பெற்றதுண்டா என்று டாக்டரம்மா தனியாக வைத்துக் கேட்டார். பொய் சொல்ல முடியாத இடம். சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த அன்று அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தவன் புருஷன்தான்.

அன்றிலிருந்து அவன் பேச்சு குறைந்துவிட்டது.

படித்துவிட்டானா? படித்திருந்தால் ஏன் கேட்கவில்லை?

இரண்டு தடவை ஃபைலை எடுத்துப் பார்த்தாள். தாள்கள் வரிசை மாறாமல் இருந்தன. அப்படி மாறாமல் இருந்ததுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை என்று அக்கா பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். அவ்வளவு வேகமாகச் சத்தியம் செய்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

யோசித்தால் ஒரே காரணம்தான். குத்திக்காட்ட. கேட்டுச் சண்டை போட்டால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். பெயராக வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கூப்பிடலாம். பிச்சை, சாப்பிட வா. பிச்சை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. ஒவ்வொரு தடவையும் அவள் குன்றிப்போக வேண்டும். இவ்வளவு நெஞ்சழுத்தமா இவனுக்கு?

கைப்பேசியில் பெயர்ப் பட்டியலைத் தேடி எடுத்தாள். பிச்சைக்குப் பொருள் யாசகம், விரும்பியவர்கள் மூன்று பேர் என்று போட்டிருந்தது. அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பிள்ள நிக்கணும்ல," என்றான்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். தாய் இல்லாதவள். பிள்ளையோடு வெளியே போ என்றால் போக அக்காவின் ஒற்றை அறை வீடுதான் இருக்கிறது. அங்கேயும் எத்தனை நாள்? விழுங்கிக்கொள்வாள்.

முப்பதாம் நாள். பிள்ளையை முறத்தில் போட்டு விற்று வாங்க அவனே ஏற்பாடு செய்திருந்தான்.

மாமியார் வாசலுக்கே வரவில்லை. கூத்தடிங்க என்று சொல்லிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தாள்.

வாங்க வந்தவள் எதிர்வீட்டு பல்கீஸ் அக்கா. ஐந்து பெற்று ஐந்தும் நிற்கிற ராசிக்காரி. அப்படிப்பட்டவள்தான் வாங்க வேண்டும். வாசற்படியில் முறத்தை வைத்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். பல்கீஸ் அக்கா தவிட்டை ஒரு கை அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

"வெல பேசுமுன்ன ஒண்ணு கேக்கணும்மா. மறைக்கக் கூடாது. மறைச்சா வித்தது செல்லாது. இது எத்தனாவது பிள்ள?"

இப்படி ஒரு கேள்வி உண்டு என்று பதிவேட்டில் இல்லை. அவளுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

ஆக, இதற்குத்தானா இத்தனையும். வாசலில் நிறுத்தி வைத்து, அவள் வாயாலேயே வரவழைக்க.

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. முறத்தைப் பார்த்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

முதல் பிள்ளை என்று சொன்னால் வீடு மிஞ்சும்.

எமனுக்கும் முறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று படித்த புத்தி கேட்டது. பெற்ற வயிறு அதைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூத்தவனைத் தொட்டபோது சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பு இன்னும் விரலில் இருந்தது.

இவனும் போய்விட்டால் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டாவது," என்றான் அவன்.

பல்கீஸ் அக்கா நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்பது தெருவுக்கே தெரியும்.

"யாருக்கு?"

"எங்களுக்கு."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் திரும்பவில்லை. குனிந்து முறத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தை அவள் பிடிப்பதற்காகக் காத்திருந்தான்.