தூக்குச்சட்டி

"கொல்லையில வாந்தி எடுத்தது நீங்கதானே?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

வைரக்கண்ணு வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"ஒரு வாரமா வீட்டுல சாப்பிடுறதே இல்ல. கேட்டா டீக்கடையில பன்னு தின்னேங்கிறீங்க. திரும்பக் குடிக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல, மலரு. பிராந்தியை நெனச்சாலே குமட்டுது."

"அப்புறம் என்ன? உங்களுக்குப் புடிச்ச விரால் குழம்பு வச்சிருக்கேன். ஒரு வாயாவது சாப்பிடுங்க, வாங்க."

அடுப்படியிலிருந்து குழம்பு மணம் வந்தது. அவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குடியை வெறுக்க வைக்கும் சிகிச்சை முடிந்து அவன் வீடு திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அங்கே முதலில் சாப்பாடு, பிறகு வாந்தி மருந்து, அதோடு பிராந்தி. சிகிச்சை நடந்த ஒவ்வொரு நாளும் மலர்க்கொடி குடவாசலிலிருந்து பஸ் ஏறி, தூக்குச்சட்டியில் சோறும் விரால் குழம்பும் கொண்டுவந்து, பிசைந்து ஊட்டினாள். குடல் புரள வாந்தி எடுத்ததில், பிராந்தியோடு சேர்ந்து அவள் குழம்பும் அவனுக்கு ஆகாமல் போய்விட்டது.

இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவன் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. குடித்ததையாவது அவள் எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறாள்.

"ஆமா, குடிச்சேன்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

மலர்க்கொடி பரணிலிருந்து தூக்குச்சட்டியை இறக்கினாள்.

"விடுங்க. நாளைக்கே தஞ்சாவூர் போவோம். முன்ன மாதிரியே நான் தெனமும் குழம்பு வச்சுக் கொண்டாறேன்."